கார நீரும் கறிவேப்பிலைச் செடியும்

அந்தமானில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் எதை விட்டுக்கொடுத்தாலும் வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடியை விட்டுக்கொடுப்பதில்லை. மண்தரை இல்லாதவர்கள் மொட்டைமாடியில் பழைய பெயின்ட் டப்பாவிலாவது வளர்த்துவிடுகிறார்கள். சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலில் வந்து இறங்கும் காய்கறியின் விலை நம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இங்கே வீட்டுத் தோட்டம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. குடும்ப வரவுசெலவில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

மழைக்காலத்தில் தளதளவென்று நிற்கும் இந்தச் செடிகளில் பல, மார்ச் மாதம் வந்ததும் வெளுக்கத் தொடங்குகின்றன. புதிதாக வரும் துளிர் எலுமிச்சை நிறமாக மாறுகிறது. நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிகின்றன. "மாட்டு எரு போட்டேன், மண்புழு உரம் போட்டேன், தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். பிறகும் ஏன் இப்படி?" என்று சங்கத்து அன்பர்கள் பலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியிலேயே பதிலும் இருக்கிறது. எருவிலும் உரத்திலும் குற்றமில்லை. தினமும் தவறாமல் ஊற்றுகிறோமே, அந்தத் தண்ணீரைத்தான் கவனிக்க வேண்டும்.

பி.எச். எண் சொல்லாமல் விடுவது

தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்ல பி.எச். என்ற அளவு பயன்படுகிறது. டென்மார்க் நாட்டு வேதியியலாளர் சோரன்சன் 1909-ல் வகுத்துத் தந்த அளவு இது. 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) 6.5 முதல் 8.5 வரை ஏற்கிறது.

சோதனைத் தாளை நனைத்துப் பார்த்து, 8 என்று காட்டியதும் பதறுகிறவர்கள் உண்டு. ஆனால் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துத் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்னும் உப்பு எவ்வளவு என்பதுதான் முக்கியம். இதை மொத்தக் காரத்தன்மை என்பார்கள். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமம் என்று கணக்கிடுவது வழக்கம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். புதுச் சிமெண்ட் தொட்டியில் பிடித்து வைத்த மழைநீர் பி.எச். 9-க்கு மேல்கூடக் காட்டலாம். ஆனால் அதில் கரைந்திருக்கும் காரம் பெரும்பாலும் சொற்பம். எருவிட்ட மண்ணில் விழுந்ததும் அதன் வேகம் அடங்கிவிடும். கிணற்று நீர் ஒன்று பி.எச். 7.4 என்று சாதுவாகக் காட்டலாம். அதிலே காரத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம் இருக்கலாம். செடிக்கு ஆபத்து இந்த இரண்டாவது தண்ணீரால்தான். சட்டைப்பையில் துருத்திக்கொண்டு தெரிகிற சில்லறை முதலாவது. வங்கியில் சத்தமில்லாமல் ஏறும் கடன் இரண்டாவது.

அதே ஐ.எஸ். 10500 காரத்தன்மைக்கு 200 மில்லிகிராமை விரும்பத்தக்க வரம்பாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கத்தக்கதாகவும் சொல்கிறது. அது மனிதர் குடிப்பதற்கான வரம்பு. நாம் குடிக்கத் தகுந்த தண்ணீர் தொட்டிச் செடிக்கும் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை. சிறிய தொட்டிகளைப் பொறுத்தவரை 100 வரை கவலை வேண்டாம். 150-ஐத் தாண்டினால் கவனம் தேவை. 200-க்கு மேல் போனால் ஏதாவது செய்தே ஆகவேண்டும்.

இதை வீட்டிலேயே அளக்கலாம். அலங்கார மீன் விற்கும் கடைகளில் 'கே.எச்.' சோதனை மருந்து என்று ஒரு சிறு புட்டி கிடைக்கும். 5 மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாற எத்தனை சொட்டு ஆயிற்று என்று எண்ண வேண்டும். பெரும்பாலான மருந்துகளில் ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி; டிகிரியை 18-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வந்துவிடும். 14 சொட்டு என்றால் சுமார் 250. அதுவும் கிடைக்காதவர்கள் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியைப் பார்த்தால் போதும். வெள்ளைப் படிவு எவ்வளவு சீக்கிரம் கட்டுகிறதோ அவ்வளவு காரம்.

பாராடாங் குகையில் நடப்பது

மழைதான் நம் தீவுகளின் தண்ணீருக்கு மூலம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. ஸ்ரீ விஜயபுரத்துக்கு (2024 வரை போர்ட் பிளேர்) முக்கிய ஆதாரமான தனிகாரி அணை, 1973-ல் கட்டி முடிக்கப்பட்டது, இந்த மழையைத்தான் தேக்குகிறது. மழை வானிலிருந்து விழும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகத்தான் வருகிறது. பி.எச். சுமார் 5.6 இருக்கும்.

அந்த நீர் எந்தக் கல்லின் வழியாக இறங்குகிறதோ அந்தக் கல்லின் குணத்தை எடுத்துக்கொள்ளும். பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைக்கு உறவினர்களை அழைத்துப் போகாதவர் நம்மில் குறைவு. மேலே மண்ணில் ஊறி இறங்கும் நீர் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிறது. குகைக்குள் சொட்டும்போது கரியமில வாயு காற்றோடு போய்விட, சுண்ணாம்பு மறுபடி கல்லாகிப் படிகிறது. கூரையிலிருந்து தொங்கும் அந்தத் தூண்கள் இப்படி உருவானவைதான்.

பவளமும் சுண்ணாம்பும் அடித்தளமாக உள்ள கார் நிக்கோபார் போன்ற தீவுகளிலும், காய்கறிக்குப் பெயர்போன நீல் தீவு (ஷஹீத் த்வீப்) போன்ற இடங்களிலும், பொதுவாகக் கடலோரத்துக் கிணறுகளிலும் கிடைக்கும் நீர் இந்த வகையைச் சேர்ந்தது. குன்றுப் பகுதியின் செம்மண் அமில குணமுள்ளது. கரையோரத்துப் பவள மணல் கார குணமுள்ளது. ஒரே தீவில் இரண்டும் உண்டு. ஆகவே பக்கத்து ஊர்க்காரருக்குப் பலித்த வைத்தியம் நமக்கும் பலிக்கும் என்று நம்பி இறங்கக்கூடாது. தன் தண்ணீரைத் தானே அளந்து பார்ப்பதே முறை.

வேறொரு சங்கதியும் உண்டு. கோடையில் குழாய்த் தண்ணீர் முறைவைத்து வரும் நாட்களில் நல்ல தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்கிவிட்டு, கிணற்று நீரையோ மிஞ்சிய நீரையோ செடிக்கு ஊற்றுகிறோம். அது நியாயமே. ஆனால் செடிக்கு அதிகத் தண்ணீர் தேவைப்படும் காலமும், கிடைக்கும் தண்ணீரில் காரம் அதிகமுள்ள காலமும் ஒன்றாகிவிடுகின்றன. மார்ச்சில் இலை வெளுப்பதன் காரணம் இதுதான்.

தொட்டியும் ஒரு பாய்லர்தான்

ரயிலே இல்லாத தீவில் ரயில்வேக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். 1980-களில் நீராவி எஞ்சின் ஷெட்டில் பணிபுரிந்தவர்களுக்குத் தண்ணீர் கடினத்தன்மை என்பது அன்றாடத் தலைவலி. பாய்லருக்குள் போகும் நீர் ஆவியாகிப் போய்விடும்; அதில் கரைந்திருந்த உப்பு போகாது. நாளுக்கு நாள் சேர்ந்து குழாய்களின்மேல் ஓடுபோலப் படியும். அதனால் அடிக்கடி அடிநீரைக் கொஞ்சம் திறந்து வெளியேற்றுவோம். குறித்த நாளில் எஞ்சினை நிறுத்தி, அடைப்பான்களைக் கழற்றி, தண்ணீரைப் பீய்ச்சி முழுவதும் கழுவுவோம். இதற்கு 'வாஷ் அவுட்' என்று பெயர். இதைத் தள்ளிப்போட்டால் நிலக்கரிச் செலவு கூடும், பாய்லரும் கெடும்.

பூந்தொட்டி ஒரு சிறிய பாய்லர். நெருப்புக்குப் பதில் வெயில். இலை வழியாகவும் மண் வழியாகவும் நீர் ஆவியாகிப் போகிறது, சுண்ணாம்பு தங்கிவிடுகிறது. தொட்டியின் விளிம்பிலும் வெளிப்புறத்திலும் காணும் வெள்ளைப் பூச்சு பாய்லர் படிவின் தம்பி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 லிட்டர் தொட்டி, தினம் ஒரு லிட்டர் தண்ணீர், காரத்தன்மை 250. ஒரு நாளைக்குக் கால் கிராம் சுண்ணாம்பு. மழையில்லாத 120 நாளில் 30 கிராம். மூன்று கோடையில் 90 கிராம். ஈரமண்ணோடு ஏழெட்டுக் கிலோ எடையுள்ள தொட்டியில் இது நூற்றுக்கு ஒரு பங்குக்கும் மேல். தாம்பூலத்துக்கு வைக்கிற சுண்ணாம்பை யாராவது ஒரு கைப்பிடி எடுத்துச் செடிக்குப் போடுவார்களா? தெரியாமல் அதற்கு நெருங்கியதைத்தான் செய்கிறோம்.

இதனால் செடிக்கு வருவது இரும்புப் பஞ்சம். நம் செம்மண்ணின் நிறமே துருவின் நிறம். இரும்புக்குக் குறைவே இல்லை. ஆனால் பி.எச். ஓர் எண் கூடினால், துருவிலிருந்து கரைந்து வரும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. களஞ்சியத்தில் நெல் இருந்தும் சாவி கிடைக்காத கதை. இரும்பு, பழைய இலையிலிருந்து துளிருக்கு இடம் மாறாது. அதனால்தான் பஞ்சம் முதலில் துளிரில் தெரிகிறது. அடி இலைகள் முழுவதும் மஞ்சளானால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. அடி இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் மக்னீசியக் குறைவு. துளிரா அடி இலையா என்று பார்த்துவிட்டு மருந்தைப் பற்றி யோசியுங்கள்.

எருவிட்ட மண்ணின் பலம்

இங்கே ஒரு நல்ல செய்தி. ரசாயன உரத்தை மட்டும் நம்பிய மண்ணைவிட, இலைமக்கும் எருவும் நிறைந்த மண் கார நீரை அதிக நாள் தாங்கும். மக்குகிற பொருளை நுண்ணுயிர்கள் தின்னும்போது கரியமில வாயுவும் அங்கக அமிலங்களும் வெளிவருகின்றன. அந்த வாயு மண்ணீரில் கரைந்து, படிந்த சுண்ணாம்பை மறுபடி கரைக்கிறது. மக்கிலுள்ள சில பொருள்கள் இரும்பைப் பிடித்துக் கரைந்த நிலையிலேயே வேருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

இதற்கு யாழ்ப்பாணம் நல்ல சாட்சி. அந்தக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. காங்கேசன்துறையில் ஒரு காலத்தில் சிமெண்ட் ஆலை நடந்ததே அந்தக் கல்லை நம்பித்தான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. இறைப்பெல்லாம் கிணற்று நீர். அந்தக் கடின நீரை வைத்துக்கொண்டே புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தார்கள். பூவரசங் குழையையும் பனை ஓலையையும் வெட்டி மண்ணுக்குள் புதைக்கும் 'குழை தாழ்த்தல்' அவர்கள் விவசாயத்தில் ஒரு பெரிய வேலை. ஒருமுறை போட்டு நிறுத்திவிடும் காரியமும் அல்ல அது.

நாம் கவனிக்க வேண்டியது அந்த "ஒருமுறை அல்ல" என்பதைத்தான். தரையில் மழையும் வேரும் புழுவும் மண்ணைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பத்து லிட்டர் தொட்டியில் போட்ட மக்கு நம் ஊர் வெப்பத்தில் ஓராண்டுக்குள் பெரும்பகுதி கரைந்துவிடும். சுண்ணாம்போ கரையாமல் சேர்ந்துகொண்டே போகும். எரு குறைந்து சுண்ணாம்பு கூடுகிற நாளில் இலை வெளுக்கிறது. முதலாண்டு நன்றாக இருந்த செடி மூன்றாம் ஆண்டு ஏன் நோஞ்சானாகிறது என்பதற்கு விளக்கம் இதுவே.

கைவைத்தியங்கள்: எது உதவும், எது கெடுக்கும்?

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவது நம் பாட்டிமார்கள் வழக்கம். சிலர் துருப்பிடித்த ஆணியையும் கூடவே போடுவார்கள். இதில் உண்மை இருக்கிறது. மோரின் அமிலம் துருவைக் கொஞ்சம் கரைத்து வேருக்குத் தருகிறது. ஓரிரு வாரத்தில் துளிர் பச்சையாகலாம். ஆனால் மோர், எலுமிச்சைச் சாறு, வினிகர் ஆகியவற்றின் அமிலங்களை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். தின்று முடித்ததும் பைகார்பனேட் திரும்பி வந்துவிடும். ஆகவே இவை அவசரத்துக்கு உதவும் கைமாற்று. கடன் அடைந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது.

முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் இரண்டும் நல்ல பொருள்களே. அமில மண்ணுள்ள குன்றுப்பகுதித் தோட்டத்துக்குப் போடலாம். கார நீர் ஊற்றும் தொட்டிக்குப் போட்டால் சுண்ணாம்பின்மேல் சுண்ணாம்பு. மண் கலவைக்குக் கடற்கரை மணல் சேர்ப்பதும் இதே கதைதான். அது பாதி சிப்பித் தூள். பவளத் துண்டுகளை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. உங்கள் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று அறிய, உலர்ந்த மண்ணில் சிறிது வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் இருக்கிறது.

சிக்கன எண்ணத்தோடு ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரைச் செடிக்கு விடுகிறோம். பாதி நீரைச் சுத்தமாக்கிப் பாதியைத் தள்ளும் இயந்திரத்தில், தள்ளிய நீரில் உப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வையுங்கள். உப்புச் சோடியம் கொண்டு நீரை மென்மையாக்கும் இயந்திரத்து நீரும் வேண்டாம். அதில் சுண்ணாம்பு போய்விடும், ஆனால் பைகார்பனேட் போகாது, கூடவே சோடியம் சேரும்.

வாளியில் பிடித்து ஓரிரவு வைத்தால் குளோரின் குறையும், காரத்தன்மை குறையாது. கிணற்று நீரில் கரியமில வாயு வெளியேறுவதால் பி.எச். சற்றுக் கூடவும் செய்யும். பேட்டரி அமிலத்தை ஒரு சொட்டு விடலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டவே வேண்டாம். கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து. பழைய பேட்டரியானால் ஈயமும் சேரும். நாம் தின்னப்போகும் செடி அது.

செய்ய வேண்டியவை

முதலாவது, தொட்டிகளை மழையில் நனைய விடுங்கள். ஓரடி வாய் அகலமுள்ள தொட்டியின் மேற்பரப்பு சுமார் 700 சதுர சென்டிமீட்டர். 3,000 மில்லிமீட்டர் மழையில் அதற்குள் விழுவது ஏறக்குறைய 210 லிட்டர். ஒரு லிட்டர் மழைநீர் சுமார் 50 மில்லிகிராம் சுண்ணாம்பைக் கரைக்கும். மக்கு நிறைந்த மண்ணுக்குள் இது இரண்டு மூன்று மடங்காகலாம். ஆக, 10 முதல் 30 கிராம் வரை கழுவிப் போக வழியுண்டு. கோடையில் சேர்ந்த 30 கிராமோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இது இயற்கை தரும் இலவச வாஷ் அவுட். போர்ட்டிகோவிலும் சன்ஷேடுக்கு அடியிலும் உள்ள தொட்டிக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. மே மாதம் மழை தொடங்கியதும் அவற்றை வெளியே நகர்த்துங்கள். அடித்துளை அடைபடாமல் இருக்கட்டும். கழுவும் மழை சத்தையும் கொண்டுபோகும். ஆகவே மழை ஓயும் காலத்தில் புது எரு இடுங்கள்.

இரண்டாவது, மழைநீரைப் பிடித்து வையுங்கள். இருபது தொட்டிக்குத் தினம் ஒரு லிட்டர் வீதம் 120 நாளைக்கு 2,400 லிட்டர் தேவை. 50 சதுர மீட்டர் கூரையில் 60 மில்லிமீட்டர் மழை பெய்து, சேதாரம் போக நூற்றுக்கு 80 பங்கு கிடைத்தால் சரியாக 2,400 லிட்டர். நம் ஊர் நவம்பர் மாதத்துக்கு இது பெரிய மழையே அல்ல. கூரையைக் கழுவும் முதல் மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள். கொசு புகாமல் வலை கட்டுங்கள்.

மூன்றாவது, அவ்வளவு சேமிக்க இடமில்லாதவர்கள் கலந்து ஊற்றலாம். பி.எச். எண்ணைக் கூட்டி வகுக்க முடியாது, காரத்தன்மையை முடியும். 300 உள்ள கிணற்று நீர் ஒரு பங்கு, மழைநீர் இரண்டு பங்கு கலந்தால் 100. ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓரிரவில் பல லிட்டர் வரும். பூச்செடிகளுக்குக் கலந்து ஊற்ற மிக நல்லது.

நான்காவது, மூடாக்கு. தென்னை நார்க்கழிவு, காய்ந்த இலை எதுவானாலும் இரண்டங்குலம் பரப்புங்கள். நார்க்கழிவை இரண்டு முறை நல்ல நீரில் அலசிப் போடுங்கள். மண்ணிலிருந்து ஆவியாவது குறைந்தால் ஊற்றும் நீர் குறையும்; நீர் எந்த அளவு குறைகிறதோ அந்த அளவு சுண்ணாம்பும் குறையும். கோடையில் பிற்பகல் நிழலும் அதே வேலையைச் செய்யும். தண்ணீர்ப் பஞ்சத்தில் தொட்டியைக் கழுவ நம்மிடம் நீர் கிடையாது. ஆகவே கோடையில் சேராமல் தடுப்பதும் மழையில் கழுவுவதும்தான் நமக்கு ஏற்ற முறை.

ஐந்தாவது, கந்தகத் தூள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இதை மெல்ல அமிலமாக மாற்றும். 32 கிராம் கந்தகம் 100 கிராம் சுண்ணாம்பை முறிக்கும். நம் கணக்கில் வந்த 30 கிராமுக்குச் சுமார் 10 கிராம் போதும். மழை தொடங்கும்போது 5, இரண்டு மாதம் கழித்து 5 என்று மேல்மண்ணில் கலக்குங்கள். பலன் தெரியச் சில வாரமாகும். அவசரப்பட்டுக் கூட்டிப் போட்டால் வேர் வெந்துவிடும். வினிகர் சோதனையில் நுரைக்காத மண்ணுக்கு இது தேவையில்லை.

ஏற்கெனவே வெளுத்துவிட்ட செடிக்கு, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். கடையில் 'சீலேட்' இரும்பு வாங்குவோர் பெயரைப் பார்த்து வாங்குங்கள். இ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் சீக்கிரம் பயனற்றுப்போகும், இ.டி.டி.எச்.ஏ. வகை தாக்குப்பிடிக்கும்.

எல்லாச் செடிக்கும் இவ்வளவு பாடு தேவையில்லை. முருங்கை, அரளி, காகிதப்பூ எல்லாம் கார நீரைப் பொருட்படுத்தாதவை. கறிவேப்பிலை, எலுமிச்சை, செம்பருத்தி, இட்லிப்பூ ஆகியவைதான் முதலில் முகம் சுளிக்கும். சேமித்த மழைநீரில் முதல் உரிமை இவற்றுக்கே.

இந்தத் தீவுகளில் நல்ல தண்ணீர் வானத்திலிருந்து வருகிறது. அதுவும் எட்டு மாதம் வருகிறது. மிச்ச நாலு மாதத்துக்குத்தான் நம் யோசனை தேவைப்படுகிறது. அடுத்த மழைக்குள் உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒருமுறை சொட்டு எண்ணி அளந்து, எண்ணைச் சமையலறைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தொட்டிகளில் எது கூரைக்கு அடியில் நிற்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதைச் செடியே துளிரில் எழுதிக் காட்டும்.